சின்னக் கழுத்து, பெரிய மெஷின்

கேஷுவாலிட்டியிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். "மேடம், புளியமரத்துல இருந்து விழுந்த கேஸ். ஏழு வயசுப் பையன். ஸ்பைன் முழுசும் சி.டி. எடுத்துரலாமா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். "கழுத்தைத் தொட்டுப் பாத்தீங்களா டாக்டர்? எந்த இடத்துல வலிக்குதுன்னு பையன் சொல்றான்?" மறுமுனையில் இருப்பவர் தயங்கினால், முதலில் அதைச் செய்துவிட்டு வரச் சொல்வேன். பயிற்சி மருத்துவர்களிடையே எனக்கு நல்ல பெயர் இல்லை என்பது தெரியும்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்ட். மெஷினை இயக்குவது டெக்னீஷியன்கள். எடுத்த படத்தைப் படித்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எந்தக் குழந்தைக்கு எந்தப் படம் என்று தீர்மானிப்பதில் எனக்கும் பங்கு உண்டு. வெளியே யாருக்கும் அதிகம் தெரியாத வேலை அது.

எங்களிடம் வரும் குழந்தைகள் விழும் இடங்கள் பள்ளி விடுமுறையோடு மாறும். மே மாதத்தில் மரமும் கிணறும். பம்புசெட்டுத் தொட்டியின் ஆழம் தெரியாமல் தலைகீழாகப் பாய்ந்தவர்கள் உண்டு. பட்டம் விடும் நாட்களில் மொட்டை மாடி. வருடம் முழுக்க நிற்காமல் வருவது இருசக்கர வாகனம். அப்பாவின் கைகளுக்கு நடுவே, பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்த மூன்று வயதுக் குழந்தை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை வண்டியில் ஏற்றினால் உடம்போடு கட்டும் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. அந்தப் பட்டையை எங்கள் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை.

இப்படி வரும் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு கோரிக்கைதான்: ஸ்கேன். எக்ஸ்ரேயோடு நிறுத்தினால் முகம் வாடிவிடும். ஒரு அம்மா நேராகவே கேட்டார். "பணம் கட்டி பிரைவேட்ல போயிருந்தா ஸ்கேன் எடுத்திருப்பாங்கல்ல டாக்டரம்மா? நாங்க ஏழைங்கன்னு எக்ஸ்ரேவோட முடிச்சிட்டீங்களா?" அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வசதி இல்லாதவர்களுக்குக் குறைந்ததைக் கொடுத்து அனுப்பும் பழக்கம் நம் ஊரில் நிறையவே உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் காரணம் பணமில்லை. சாலை விபத்து நடந்து முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. சி.டி. எடுப்பதால் அந்த அம்மாவுக்கும் செலவில்லை, எனக்கும் நஷ்டமில்லை. சொல்லப்போனால், எடுக்காமல் இருப்பதுதான் எனக்கு வேலை. அரை மணி நேரம் நின்று பேச வேண்டும். சி.டி. என்றால் மேஜையில் படுக்க வைத்து எழுந்திருப்பதற்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் ஏன் எடுக்கவில்லை?

முதல் காரணம், கழுத்தெலும்பு முறிவு குழந்தைகளில் மிக அபூர்வம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து நடத்தும் 'பீகார்ன்' என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, 18 மருத்துவமனைகளில் அடிபட்டு வந்த 22,430 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2024இல் முடிவுகளை வெளியிட்டது. அத்தனை பேரில் கழுத்து முதுகெலும்பில் காயம் இருந்தது 433 பேருக்கு. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இவர்கள் லேசாகத் தடுக்கி விழுந்தவர்கள் அல்ல, கழுத்தில் அடி இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தகுந்தவர்கள். எல்லோரையும் சி.டி.க்கு அனுப்பினால், நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேர் காரணமில்லாமல் கதிர்வீச்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டாவது காரணம், அந்தக் கழுத்தின் அமைப்பு. இதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாமே விளங்கிவிடும்.

ஐந்து வயதுக் குழந்தையை நிற்க வைத்துப் பாருங்கள். உடம்புக்குத் தலை பெரிது. தாங்கும் கழுத்துத் தசைகளோ இன்னும் வலுப்பெறவில்லை. வண்டி சடாரென்று நிற்கும்போது அந்தத் தலை முன்னால் போகிறது. கழுத்து எங்கே மடிகிறது? பெரியவர்களுக்குக் கீழ்ப்பகுதியில், ஐந்தாவது ஆறாவது எலும்புகளுக்கு நடுவே. சிறு குழந்தைகளுக்கு மேலே, இரண்டாவது மூன்றாவது எலும்புகளுக்கு நடுவே. எட்டு, பத்து வயதாகும்போதுதான் அந்த மடிப்பு மெல்லக் கீழே இறங்குகிறது. அதனால்தான் சின்னக் குழந்தைகளின் காயங்கள் மண்டையோட்டுக்கு அருகிலேயே, உயிருக்கு ஆபத்தான இடத்தில் இருக்கின்றன. மூச்சை இயக்கும் நரம்புகள் கிளம்பும் பகுதிக்குப் பக்கத்தில்.

இன்னொன்று, எலும்பு என்று நாம் சொல்லும் அதில் பெரும்பகுதி அந்த வயதில் எலும்பே அல்ல, குருத்தெலும்பு. இரண்டாவது கழுத்தெலும்பிலிருந்து மேல்நோக்கி நீண்டிருக்கும் பல் போன்ற கொம்பு, அடியோடு முழுதாக ஒட்டுவதே மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள்தான். அதுவரை நடுவில் குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கும். எக்ஸ்ரேயில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். புதிதாக வந்த பிஜி மாணவர் அதை முறிவு என்று எழுதிவிட்டு வியர்த்துப் போய் என்னிடம் ஓடி வருவார். உண்மையான முறிவு வந்தாலும் அந்தத் தட்டில்தான் வரும் என்பதால் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது.

அதைவிட முக்கியமானது, இழுபடும் தன்மை. பிறந்த குழந்தையின் முதுகெலும்புத் தொடர் உடையாமலேயே ஐந்து சென்டிமீட்டர் வரை நீளக்கூடியது. உள்ளே இருக்கும் தண்டுவடமோ ஆறு மில்லிமீட்டர் இழுபட்டாலே அறுந்துவிடும். 1960இல் பதிவான இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். ரப்பர் குழாய்க்குள் பருத்தி நூலைக் கோத்து இழுப்பதுபோல. விட்டதும் ரப்பர் பழையபடி சுருங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நடந்த மாதிரியே தெரியாது.

இதைப் பெயர் வைத்து உலகத்துக்குச் சொன்னவர்கள் பிட்ஸ்பர்கில் வேலை பார்த்த பாங், வில்பெர்கர் என்ற இரண்டு நரம்பு அறுவை மருத்துவர்கள். 1982இல், எக்ஸ்ரேயில் எந்தக் கோளாறும் இல்லாமலே தண்டுவடம் அடிபட்ட 24 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சிவோரா' என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வோம். அந்தக் கட்டுரையில் என்னை இன்றும் உலுக்கும் விஷயம் வேறு. அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்குப் பக்கவாதம் உடனே வரவில்லை. நான்கு நாள் வரை கழித்து வந்தது. அவர்களில் பெரும்பாலோர் அடிபட்ட அந்த நிமிடத்தில் கையோ காலோ சிறிது நேரம் மரத்துப்போனதாக, சுள்ளென்று ஓடியதாக, அசைக்க முடியாமல் இருந்ததாகப் பிறகு நினைவுகூர்ந்தார்கள். கேட்கும்வரை அவர்கள் அதைச் சொல்லவில்லை.

ஆகவே நான் கேட்பேன். குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். "மரத்துப் போச்சா" என்றால் எட்டு வயதுப் பையனுக்குப் புரியாது. "விழுந்த உடனே கை எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சாடா தம்பி? கரண்டு அடிச்ச மாதிரி?" கிணற்றில் குதித்து வந்த ஒருவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் ரெண்டு கையும் சுர்ர்ருன்னு இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு" என்றான். அம்மாவுக்கு அது புதுச் செய்தி. திட்டு விழும் என்று அவன் சொல்லவில்லை. அவனுடைய எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அவனை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினேன். தண்டுவடத்தில் சிறிய நீர்க்கோர்ப்பு. கழுத்துப்பட்டையோடு வார்டில் வைத்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் விஷயத்தில் சி.டி. எடுத்திருந்தால், "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவனை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்கள்.

இங்கேதான் பெற்றோர் நினைப்பதற்கும் நிஜத்துக்கும் இடைவெளி விழுகிறது. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒன்றைவிட ஒன்று உசத்தியான மூன்று படிகள் என்று எண்ணுகிறார்கள், ரயிலில் வகுப்புகள் இருப்பதைப் போல. அப்படி இல்லை. எக்ஸ்ரே எலும்புகள் வரிசையில் நிற்கின்றனவா என்று சொல்லும். சி.டி. எலும்பின் நுணுக்கத்தைச் சொல்லும், மயிரிழை முறிவைக்கூட. எம்.ஆர்.ஐ. எலும்பைச் சுற்றியும் உள்ளும் இருப்பதை, அதாவது தண்டுவடம், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள், வட்டு, ரத்தக்கசிவு ஆகியவற்றைச் சொல்லும். பெரியவர்களின் கழுத்தில் எலும்பு உடைவதே அதிகம் என்பதால் அவர்களுக்கு சி.டி. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் விடை தந்துவிடுகிறது. எட்டு வயதுக்குக் கீழே கிழிவது நாரும் குருத்தெலும்பும்தான். அதற்கு சி.டி. அரைகுறை விடைதான் தரும், அதுவும் முழு விலைக்கு.

அந்த விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் கொஞ்சம் கதிர்வீச்சு வாங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். (கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் மணல் இருப்பதால் அங்கே இது கூடுதல்.) கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தால் சில வாரங்களில் இயற்கையாகக் கிடைப்பது ஒரே நொடியில் கிடைக்கிறது. சி.டி. என்றால் அது ஒரு வருடத்துக்கும் மேற்பட்ட அளவாக இருக்கலாம். மெஷினைக் குழந்தைக்கேற்ப மாற்றி வைத்தார்களா என்பதைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு வழக்கமாக மெஷினின் மின்னழுத்தத்தை 120 கே.வி. வைக்கும் இடத்தில், குழந்தைக்கு 80 அல்லது 100 போதும். 2001இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரைகள், பல இடங்களில் குழந்தைகளையும் பெரியவர்களுக்கான அளவிலேயே படம் எடுக்கிறார்கள் என்று காட்டியபோது பெரிய அமளி நடந்தது. 2008இல் 'இமேஜ் ஜென்ட்லி' என்ற இயக்கமே அதிலிருந்து பிறந்தது. எங்கள் சீனியர் டெக்னீஷியன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் குழந்தை மேஜையில் ஏறியதும் அவர் கை தானாக கே.வி.யைக் குறைக்கப் போகும். "சின்ன உசுரு மேடம், இத்தனூண்டுக்கு எதுக்கு அவ்வளவு" என்பார்.

ஆபத்து எவ்வளவு? பிரிட்டனில் இளம் வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட சுமார் 1,80,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பத்து வயதுக்குள் தலைக்கு சி.டி. எடுத்த 10,000 குழந்தைகளில், அடுத்த பத்து வருடங்களுக்குள் கூடுதலாக ஒரு ரத்தப் புற்று, கூடுதலாக ஒரு மூளைக்கட்டி என்பது அவர்கள் போட்ட கணக்கு. மிகச் சிறிய எண். உண்மையாகவே தேவைப்படும் குழந்தைக்கு இந்தப் பயத்தால் சி.டி.யை மறுப்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் கழுத்துப் படத்தில் தைராய்டு சுரப்பி நேராகக் கதிரின் பாதையில் கிடக்கிறது. குழந்தைப் பருவத்தில் அது கதிர்வீச்சுக்கு எவ்வளவு இளகியது என்பதை 1986க்குப் பிறகு செர்னோபிலைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகள் காட்டிவிட்டார்கள். ஒரு குழந்தைக்குச் சிறியதாக இருக்கும் ஆபத்து, ஒரு மாநிலத்தின் அத்தனை கேஷுவாலிட்டிகளிலும் தினமும் பெருகும்போது சிறியதல்ல.

சரி, யாருக்கு என்ன? 2024 பீகார்ன் ஆய்வு இதற்கு ஒரு வழிமுறை தந்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. காரணம், படத்துக்கு முன்னால் குழந்தையைப் பார்க்கச் சொல்கிறது. கூப்பிட்டாலும் கிள்ளினாலும் எழாத ஆழ்ந்த மயக்கம், மூச்சோ ரத்த ஓட்டமோ தடுமாற்றம், கை கால் பலவீனம் அல்லது உணர்ச்சிக் குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக சி.டி. இந்தக் கூட்டத்தில் காயம் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுக்கு உயர்கிறது. அவை இல்லை, ஆனால் கழுத்து வலி இருக்கிறது, நடுமுதுகுக் கோட்டில் கழுத்தை அழுத்தினால் முகம் சுளிக்கிறது, அரை மயக்கமாக இருக்கிறது, தலையிலோ நெஞ்சு வயிற்றிலோ பலத்த அடி இருக்கிறது என்றால் எக்ஸ்ரே. இவற்றில் எதுவுமே இல்லையா, படமே வேண்டாம். இப்படிச் செய்தால் சி.டி. எடுக்கப்படும் குழந்தைகள் 17 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்குக் குறைவார்கள் என்று கணக்கிட்டார்கள். உண்மையான காயங்களில் 94 சதவீதத்தை இந்த வழி பிடித்துவிடுகிறது. மீதி ஆறு? அதை நினைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பும் குழந்தையின் பெற்றோரிடம் நான் இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

இதற்கு முன்னால் நாங்கள் கையில் வைத்திருந்த விதிகள் பெரியவர்களுக்காகச் செய்தவை. 'நெக்சஸ்' என்ற புகழ்பெற்ற விதியைக் குழந்தைகளிடம் சோதித்து 2001இல் எழுதினார்கள். 3,065 பேர் அதில் இருந்தார்கள், காயம் இருந்தது 30 பேருக்கு. அந்த 30 பேரில் ஒன்பது வயதுக்குக் கீழே நான்கே பேர், இரண்டு வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. அந்த விதியைக் கைக்குழந்தைக்குப் போட்டுப் பார்ப்பது அளவெடுக்காமல் சட்டை தைப்பதுதான்.

எல்லா நாடும் ஒரே மாதிரி யோசிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 16 வயதுக்குட்பட்டவர்களிடம் தண்டுவடக் காயம் என்று பலமான சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. என்கிறது. அந்த அளவு சந்தேகம் இல்லை, ஆனாலும் மனது ஒப்பவில்லை என்றால் எக்ஸ்ரே. சி.டி.க்கு அங்கே முதலிடம் இல்லை. படிக்க அழகாக இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு எம்.ஆர்.ஐ. மெஷின், அதற்கு முன் வரிசையாக ட்ராலிகள். மூச்சுத் திணறும் குழந்தையை அந்தக் குழாய்க்குள் நாற்பது நிமிடம் விட்டுவிட்டு வெளியே நிற்க எந்த மயக்க மருந்து டாக்டரும் சம்மதிக்க மாட்டார், நானும் கேட்க மாட்டேன். உயிர் ஊசலாடும்போது சி.டி.தான். நிலை சீரானதும், முடிந்தால் மூன்று நாளுக்குள், எம்.ஆர்.ஐ. அதற்குள் எடுத்தால்தான் கிழிந்த நாரைச் சுற்றிய நீர்க்கோர்ப்பு பளிச்சென்று தெரியும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. ஆனால் அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் காதைப் பிளக்கும். இரண்டு மூன்று மாதக் குழந்தை என்றால் வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றினால் தானாகத் தூங்கிவிடும். அது எங்கள் பெருமை, தாய்மார்களின் பெருமை. ஒரு வயதிலிருந்து ஆறு வயது வரை பெரும்பாலும் தூக்க மருந்தோ மயக்க மருந்தோ வேண்டியிருக்கும், அதற்கென்று ஆபத்துகள் உண்டு. உள்ளே போகும் முன் கழற்ற வேண்டியவற்றின் பட்டியல் நம் ஊரில் கொஞ்சம் நீளம். கொலுசு, காப்பு, வெள்ளி அரைஞாண், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தாயத்து. கயிற்றைக் கழற்றப் பாட்டிகள் சம்மதிப்பதில்லை. "நீங்க கையில வச்சிருங்க பாட்டி, முடிஞ்சதும் நீங்களே கட்டிவிடுங்க" என்றால் வேலை நடக்கும். எக்ஸ்ரேக்கும் இதே கதைதான். தாயத்து சரியாக நான்காவது எலும்பின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு வார்த்தை, அதற்காக வாதாட ஆளில்லை என்பதால். குழந்தைகளின் கழுத்துக் காயங்களில் சுமார் 90 சதவீதத்தை அது காட்டிவிடுகிறது என்று 2012இல் வந்த பீகார்ன் ஆய்வு ஒன்று சொல்கிறது. இத்தனை மலிவான, இத்தனை வேகமான படத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையின் இரண்டாவது எலும்பு மூன்றாவதன் மேல் சற்று முன்னால் நழுவியதுபோல் தெரிவது பலரிடம் இயல்பு. 1965இல் இரண்டு மருத்துவர்கள் அடிபடாத 160 குழந்தைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இதைப் பதிவு செய்தார்கள். (அடிபடாத குழந்தைகளை இப்படிப் படமெடுக்க இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. அவர்கள் தயவில்தான் நாங்கள் படிக்கிறோம்.) அது இயல்பா, நிஜ நழுவலா என்று பிரிக்க 1977இல் சுவிஷுக் என்பவர் எலும்பின் பின்வளைவுகளைத் தொட்டு ஒரு கோடு போடச் சொன்னார். நான் இன்றும் திரையில் அந்தக் கோட்டைப் போடுகிறேன். முதல் எலும்புக்கும் கொம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியவர்களிடம் மூன்று மில்லிமீட்டர் தாண்டினால் பதற வேண்டும், குழந்தையிடம் ஐந்து வரை பொறுக்கலாம். பிறகு, அழுகை. அழுதுகொண்டே படமெடுத்தால் தொண்டைக்குப் பின்னால் உள்ள தசை உப்பி, உள்ளே ரத்தம் கட்டியதுபோல் தெரியும். எத்தனையோ சி.டி.க்கள் இந்த அழுகையால் எடுக்கப்பட்டவை. அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, ஈய அங்கியை மாட்டிவிட்டு, குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும் கணத்தில் பட்டனை அழுத்தத் தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தால், அந்த வார்டுக்கு அதுவே பெரிய கருவி.

கழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உயரத்திலிருந்து காலிலோ பின்பக்கமோ விழும் குழந்தைகளுக்கு நடுமுதுகிலும் இடுப்புக்கு மேலும் எலும்பு நசுங்கும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு மூன்று. ஓரிடத்தில் முறிவைக் கண்டால் வேறிடத்திலும் தேட வேண்டும் என்பது பால பாடம். காரில் இடுப்புக்கு மட்டும் பட்டை கட்டிய குழந்தைக்கு வேறொரு ஆபத்து. வண்டி மோதியதும் பட்டை வயிற்றில் ஏறி, உடம்பு அதன் மேல் இரண்டாக மடியும். முதுகெலும்பு குறுக்கே பிளக்கும். மான்செஸ்டரில் ரேடியாலஜிஸ்டாக இருந்த சான்ஸ் என்பவர் 1948இல் விவரித்த முறிவு இது. வயிற்றில் பட்டையின் தடம் சிவப்பாக இருந்தால் குடலும் கிழிந்திருக்கலாம் என்று வயிற்றுக்கு சி.டி. எடுப்பார்கள். அப்போது முதுகுக்கென்று தனியாக இன்னொரு சி.டி. வேண்டியதில்லை. வயிற்றுக்காக எடுத்த அதே தகவலிலிருந்து முதுகெலும்பின் படங்களைக் கணினியில் உருவாக்கிக்கொள்ளலாம், ஒரு துளி கதிரும் கூடுதலாக இல்லாமல். கேட்கத் தெரிந்தால் கிடைக்கும். அதேபோல், வேறு மருத்துவமனையில் ஏற்கெனவே எடுத்திருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தட்டையும் வாங்கி வாருங்கள். தட்டு இல்லாததாலேயே மறுபடி மேஜையில் ஏறும் குழந்தைகள் வாரந்தோறும் வருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் குழந்தை எங்களிடம் எப்படி வந்து சேர்கிறது என்பது இருக்கிறது. விழுந்தவுடன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, "நடடா பாப்போம்" என்பார்கள். பிறகு பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து, தலை தொங்க, பதினைந்து கிலோமீட்டர். 108 வரும்வரை படுத்த இடத்திலேயே படுக்கட்டும். தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கட்டும். இதில்கூடக் குழந்தைக்குத் தனிக் கணக்கு உண்டு. பெரிய பின்மண்டை காரணமாக, தட்டையான பலகையில் படுக்க வைத்தால் கழுத்து தானாக முன்னால் மடிந்துவிடும். 1989இலேயே இதைப் படத்தோடு எழுதிவிட்டார்கள். தோளுக்கும் முதுகுக்கும் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் சரியாகிவிடும். தலைக்கு அடியில் தலையணை மட்டும் வைக்காதீர்கள். அளவில்லாத கழுத்துப்பட்டையை மாட்டி, கதறும் குழந்தையை நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட, அம்மா முகத்தருகே குனிந்து பேச, அது தனக்கு வலிக்காத நிலையில் தானே அசையாமல் கிடப்பது நல்லது.

வீட்டுக்கு அனுப்பும்போது நான் சொல்வது இவ்வளவு. நான்கு நாள் கண்ணிலேயே வைத்திருங்கள். கை கால் மரத்தது, நடை தள்ளாடியது, கழுத்தைத் திருப்ப மறுத்தது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது, சிறுநீர் போகவில்லை, இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் வாருங்கள். விளையாட்டுக்கு இரண்டு வாரம் விடுமுறை. சொல்லி முடித்ததும் பெரும்பாலும் பின்னாலிருந்து ஒரு பாட்டியின் குரல் வரும்.

"அப்ப எண்ணெய் போட்டு லேசா சுளுக்கு எடுத்து விடலாமாம்மா?"

"கழுத்துப் பக்கமே போகாதீங்க பாட்டி. வேணும்னா காலை நீவி விடுங்க."

"காலு நல்லாத்தானம்மா இருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."